நட்டுவனார் திண்ணையும் நாட்டியக் கல்லூரியும்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வழங்கும் பழமொழி. ஆடத் தெரியாதவளை எள்ளி நகையாடுவதற்கே இதனைச் சொல்கிறோம். ஆனால், நம் நடன வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் வியப்பானதோர் உண்மை புலப்படும். மேடையில் ஒரு நாளும் ஆடாதவர்களே தலைமுறை தலைமுறையாக ஆடற்கூடத்தைக் கோணலின்றிக் காத்து வந்திருக்கின்றனர். அவர்களே நட்டுவனார்கள்.

அவர்களைப் பற்றி ஆராயும் எண்ணம் எனக்கு வந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆண்டு விழா நெருங்கியது. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி நகரத்திற்குச் சென்று இரண்டாண்டுகள் பரதம் பயின்றவள், நன்றாகவும் ஆடுவாள். கீழ் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு அவளே ஆடல் கற்பிக்கட்டும் என்று நான் ஒப்புதல் அளித்தேன். அவள் முன்னே நின்று ஆடினாள். பிள்ளைகள் பார்த்து ஆடினர். அவள் வலக்கையைத் தூக்கினால் இவர்கள் இடக்கையைத் தூக்கினர். கை ஒருவாறு வந்தது, கால் வரவேயில்லை. மூன்றாம் வாரம் அந்தச் சிறுமி என் அறைக்கு வந்து, “ஐயா, எனக்கு ஆடத் தெரியும், ஆனா சொல்லிக் கொடுக்கத் தெரியல” என்று அழுதுவிட்டாள்.

பயிற்சிக் கல்லூரியில் பயின்று, முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும். கணக்குப் போடத் தெரிந்தவரெல்லாம் கணக்காசிரியர் ஆகிவிடுவதில்லை என்பதை அறிந்த நான், ஆடத் தெரிந்தவர் ஆடல் ஆசிரியர் ஆகிவிடுவார் என்று எப்படி நம்பினேன்? ஆடல் ஆசானை உருவாக்குவது எது? இவ்வினாவுக்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

சிலம்பு காட்டும் ஆசான்

ஆடலாசிரியர்க்குரிய தகுதிகளை முதலில் வரையறுத்துக் கூறும் தமிழ் நூல்களுள் சிலப்பதிகாரம் தலைசிறந்தது. ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கிய மாதவி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் அவையில் அரங்கேறுகிறாள் என்று அரங்கேற்று காதை கூறுகிறது. அவள் ஆடுவதைக் காட்டுவதற்கு முன்பே, அவளை ஆட்டுவித்தவர்களின் இலக்கணத்தை இளங்கோவடிகள் அடுக்கிச் சொல்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் புனையும் கவிஞன், தண்ணுமை, குழல், யாழ் ஆகியவற்றின் ஆசிரியர்கள் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே தகுதி கூறப்படுகிறது. ஆடலாசிரியன் கூத்தின் வகைகளை அறிந்தவனாதல் வேண்டும். பாட்டையும் தாளத்தையும் ஆடலோடு இயைக்க வல்லவனாதல் வேண்டும். ஒற்றைக் கை முத்திரையும் இரட்டைக் கை முத்திரையும் ஒன்றோடொன்று மயங்காமல் காப்பவனாதல் வேண்டும்.

இவற்றுள் ஆசான் தானே அழகாக ஆட வேண்டும் என்பது வலியுறுத்தப்படவில்லை. பிரித்தறிதல், இயைத்தல், மயங்காமற் காத்தல் என்பனவே அவனுக்கு உரியனவாகச் சொல்லப்படுகின்றன. ஆசிரியப் பணியின் உயிர்நாடி இவையே அன்றோ?

பிற்காலத்தில், தஞ்சைப் பெருங்கோயிலை எழுப்பிய முதலாம் இராசராசன், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை அங்குக் குடியேற்றிய செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. ஆடிய மகளிர்க்குப் பங்கு வகுத்த அதே கல்வெட்டு, நட்டுவம் செய்தவர்களுக்கும் பங்கு வகுக்கிறது. ஆடற்கலையில் ஆசிரியப் பணி தனித்தொழிலாக அரசாலும் கோயிலாலும் மதிக்கப்பட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தஞ்சை நால்வர் வகுத்த பாடத்திட்டம்

இன்று நாம் பரதநாட்டியம் என வழங்கும் கலை, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையில் வாழ்ந்த நான்கு உடன்பிறந்தாரால் ஒழுங்கு பெற்றது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்போர் அந்நால்வர். முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்ற இவர்கள், 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரின் அவையை அணி செய்தனர். வடிவேலு பின்னர்த் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவைக்குச் சென்றார்.

இவர்களைப் பாடல் இயற்றியவர்களாகவே பலரும் அறிவர். என் போன்ற ஆசிரியர் கண்ணுக்கோ அவர்கள் பாடத்திட்டம் வகுத்தவர்களாகவும் தோன்றுகின்றனர். அவர்கள் செய்த பணி இரு வகைப்பட்டது. முதலாவது, கற்கும் முறைக்கு ஒழுங்கு தந்தது. ஆடலின் அடிப்படை அசைவுகளான அடவுகளைத் தட்டடவு, நாட்டடவு என இனம் பிரித்து, எளியது முன்னும் அரியது பின்னுமாக நிரல்படுத்தினர். ஒவ்வோர் அடவுக்கும் சொல்லுக்கட்டு உண்டு. அதனை மூன்று காலத்தில் ஆட வேண்டும். இரண்டாவது, ஆடிக் காட்டும் முறைக்கு ஒழுங்கு தந்தது. அலாரிப்பு, சதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்னும் வரிசை அவர்கள் காலத்தில் நிலைபெற்றதே.

இவ்வரிசையின் அருமையை ஓர் ஆசிரியர் எளிதில் உணர்வார். அலாரிப்பில் பாட்டும் இல்லை, பொருளும் இல்லை, உடலும் தாளமும் மட்டுமே உண்டு. சதிசுவரத்தில் இசை வந்து சேர்கிறது. சப்தத்தில் சொல்லும் பொருளும் வந்து சேர்கின்றன. வர்ணத்தில் இவை அனைத்தும் ஒருங்கே பின்னிக் கிடக்கின்றன. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்றும், எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்றும் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஓதினார்களே, அந்த விதியை இந்நால்வர் ஆடலிலேயே எழுதி வைத்திருந்தனர். ஆடல் மேதை பாலசரசுவதி 1975ஆம் ஆண்டு சென்னைத் தமிழிசைச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றியபோது, இந்த வரிசையைக் கோபுர வாயிலில் தொடங்கிக் கருவறை வரை செல்லும் கோயில் அமைப்புக்கு ஒப்பிட்டார். வாயிலைக் கடவாமல் கருவறை புகுவார் எவருமிலர்.

பந்தநல்லூர்த் திண்ணை

1855ஆம் ஆண்டு தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அவை கலைந்தது, கலைஞர்கள் புரவலரை இழந்தனர். அத்தகைய காலத்தில், 1869ஆம் ஆண்டு, நால்வர் மரபில் தோன்றியவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அரசவை இல்லாத நட்டுவனாராக அவர் வாழ்ந்தார். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே அமர்ந்து கற்பித்த அவரைத் தேடி, பின்னாளில் இந்தியாவின் பல திசைகளிலிருந்தும் மாணவர் வந்தனர். இராம்கோபால், மிருணாளினி சாராபாய், சாந்தாராவ் ஆகியோர் அவரிடம் பயின்றவர்களே.

நட்டுவனார் கற்பிக்கும் முறை எத்தகையது? அவர் தரையில் அமர்ந்திருப்பார். கையில் தட்டுக்கழி, முன்னே மரக்கட்டை. வாயில் சொல்லுக்கட்டு. மாணவி அரைமண்டியில் நின்று ஆட, ஆசானின் காது அவள் பாதத்தின் ஒலியைக் கேட்கும். கண் அவள் முழங்காலையும் தோளையும் நோக்கும். எழுந்து ஆடிக் காட்டாத காரணத்தால் மாணவி ஆசானின் உடலைப் பார்த்து நகல் எடுக்க இயலாது. சொல்லையும் தாளத்தையும் கேட்டுத் தன் உடலுக்குள்ளேயே ஆடலைக் கண்டெடுக்க வேண்டும். எங்கள் பள்ளிச் சிறுமி முன்னே நின்று ஆடி, பிள்ளைகளை வலமும் இடமும் அறியாது திகைக்க வைத்தாளே, அந்த இடர் இங்கு எழுவதற்கே வழியில்லை.

சரி, இந்த ஆசான் ஆசானானது எவ்வாறு? அதற்கெனத் தனிக் கல்லூரி இருந்ததில்லை. வீடே பயிற்சிக்கூடம். நட்டுவனார் வீட்டு ஆண் பிள்ளை சிறு வயதிலேயே தந்தையின் அருகில் அமர்வான். வாய்ப்பாட்டும் மிருதங்கமும் கற்பான். தந்தை களைத்தபோது தட்டுக்கழியைத் தான் வாங்கித் தட்டுவான். பல்லாண்டு இவ்வாறு கழிந்த பின்னரே அவன் கையில் தாளம் வரும். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மருகர் சொக்கலிங்கம் பிள்ளையும், அவர் மகன் சுப்பராய பிள்ளையும் இவ்வழியில் வந்த ஆசான்களே. ஆசிரியரை உருவாக்க இதனினும் ஆழமான வழி இருக்க முடியுமா என்று வியக்கத் தோன்றுகிறது.

ஆயினும் இம்முறைக்கு ஒரு சுவர் இருந்தது. அந்த வீட்டில் பிறந்தவர்க்கே அவ்வழி திறந்திருந்தது. அதிலும் பொதுவாக ஆண்களே தாளம் ஏந்தினர். ஆடும் பெண் எவ்வளவு சிறந்தவளாயினும் நட்டுவாங்கம் அவளுக்கு உரியதாகக் கருதப்படவில்லை.

அடையாற்றில் ஒரு மரத்தடி

1930களில் சதிர் என வழங்கிய இக்கலை பெரும் பூசலுக்கு உள்ளாகியிருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் கலை வேறு, வழக்கம் வேறு என்று வாதாடினார். 1928இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாதெமி, 1931லும் 1933லும் பந்தநல்லூர் மரபில் பயின்ற கல்யாணியின் புதல்வியரை மேடையேற்றியது. அந்த ஆடலைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தவர்களுள் ஒருவர் ருக்மிணி தேவி அருண்டேல்.

1904ஆம் ஆண்டு மதுரையில் பிறந்த அவர், அப்போது முப்பதை எட்டிக்கொண்டிருந்தார். ருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் பழக்கத்தால் ஆடலில் நாட்டம் கொண்டிருந்த அவர், மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935 திசம்பர் 30ஆம் நாள் அடையாற்றில் முதன்முறை அவைமுன் ஆடினார். அடுத்த வாரமே, 1936 சனவரி 6ஆம் நாள், ஒரு மரத்தடியில் ஒரே மாணவியோடு கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர்க் கலாக்ஷேத்திரம் எனப் பெயர் பெற்றது.

ஆசிரியர்களாகிய நாம் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். ருக்மிணி தேவியின் கணவர் ஜார்ஜ் அருண்டேல் காசியில் கல்லூரித் தலைவராக இருந்த கல்வியாளர். அவருடைய அழைப்பின் பேரில், குழந்தைக் கல்வியில் புதுநெறி கண்ட மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டு அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்தினார். ஆகவே, கலாக்ஷேத்திரம் தன் இளமையிலேயே ஆசிரியர் பயிற்சியை அண்டை வீட்டில் கண்டு வளர்ந்த நிறுவனம் எனலாம்.

தாளம் கைமாறிய கதை

மீனாட்சிசுந்தரம் பிள்ளை கலாக்ஷேத்திரத்திற்கு வந்து கற்பித்தார். பின்னர்த் தம் ஊருக்குத் திரும்பினார். அவருக்குப் பின் சொக்கலிங்கம் பிள்ளை அப்பணியை ஏற்றார். 1940களின் முற்பகுதியில் அவரும் விலகிச் சென்றார். நட்டுவனார் இல்லாமல் அரங்கேற்றம் எவ்வாறு நடக்கும்? நடவாது என்றே அந்நாளில் பலரும் எண்ணினர். ருக்மிணி தேவியோ தாம் பயிற்றுவித்தவர்களைக் கொண்டே நட்டுவாங்கம் செய்வித்தார். அன்று முதல் அங்கு ஆடலோடு நட்டுவாங்கமும் பயிற்சியின் பகுதியாயிற்று. பரம்பரையில் பிறவாதவர், குறிப்பாகப் பெண்கள், தாளம் ஏந்தி மேடையோரத்தில் அமர்ந்தனர்.

இன்று நம் ஊர்க் கோயில் விழாவில் ஓர் ஆசிரியை தாளமேந்திச் சொல்லுக்கட்டுச் சொல்வதைக் காண்கிறோம். அது நமக்குப் புதுமையாகத் தோன்றுவதில்லை. எண்பதாண்டுகளுக்கு முன் அது பெரும்புரட்சி. ஆடல், இசை, தாளம், கொள்கை நூல் ஆகியவற்றை ஆண்டு வாரியாகப் பகுத்து, பட்டயம் வழங்கி, கற்றவரைக் கற்பிப்பவராகவும் ஆக்கிய அந்நிறுவனம் 1962இல் திருவான்மியூருக்குப் பெயர்ந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டின் சிறப்புமிக்க நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. 1954இல் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், 1986இல் ருக்மிணி தேவியும் மறைந்தனர்.

பெற்றதும் இழந்ததும்

இதனை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அறத்தின்பாற்பட்ட சட்டம் அது, ஐயமில்லை. ஆனால், அக்கலையைக் காத்து வந்த குலத்துப் பெண்களுக்கு மாற்று மேடை அமைத்துத் தந்தோமா? கற்றவர் குடும்பத்துப் பெண்கள் மேடையேறிய அதே காலத்தில், கற்பித்த குடும்பத்துப் பெண்கள் மேடையிலிருந்து இறங்கினர். ருக்மிணி தேவிக்கு அபிநயம் கற்பித்த மயிலாப்பூர் கௌரி அம்மாளின் இறுதிக் காலம் வறுமையிலேயே கழிந்தது. சிருங்காரம் ஒதுக்கப்படலாகாது, அதுவே இக்கலையின் உயிர் என்று பாலசரசுவதி இறுதிவரை வாதாடினார். அவர் குரல் இன்றும் விடை வேண்டி நிற்கிறது.

கற்பிக்கும் முறையிலும் ஓர் இழப்பு உண்டு. திண்ணையில் அமர்ந்த நட்டுவனார், எதிரே நிற்கும் மாணவியின் உடலமைப்பையும் ஆற்றலையும் கண்டு, அவளுக்கேற்பத் தீர்மானத்தைக் கோத்துத் தருவார். ஒருத்திக்குத் தந்தது மற்றொருத்திக்கு அப்படியே வராது. வகுப்பில் முப்பது பேரை நிறுத்தி ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் நடத்தும்போது அந்த நுட்பத்தைக் காப்பது அரிது. இது நடனத்திற்கு மட்டும் நேர்ந்ததா? திண்ணைப் பள்ளி போய் வகுப்பறை வந்தபோது நம் தமிழ்க் கல்விக்கும் இதுவே நேர்ந்தது. வகுப்பறை வந்ததால்தான் தோட்டத்துப் பாட்டாளியின் பிள்ளையும் எழுத்தறிந்தான். அதனை நான் மறவேன். ஆனால் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே நோக்கும் கண்ணை வகுப்பறைக்குள்ளும் கொண்டுவர வேண்டிய கடமை ஆசிரியரைச் சார்ந்தது.

கடல் கடந்த தாளம்

இம்மரபு நம் மண்ணுக்கும் வந்து சேர்ந்தது. 1952ஆம் ஆண்டு கே. பி. பாஸ்கர் சிங்கப்பூரில் நடனப் பள்ளி தொடங்கினார். 1955இல் அவரை மணந்து வந்த சாந்தா பாஸ்கர், 2022இல் மறையும் வரை ஆடலும் கற்பித்தலுமாகவே வாழ்ந்தார். 1958ஆம் ஆண்டு அவர் சீனர்களின் புகழ்பெற்ற காதற்கதை ஒன்றைப் பரதத்தில் அமைத்துக் காட்டினார். பல இனத்தார் வாழும் மண்ணில் ஆசிரியர் எவ்வாறு சிந்திக்க வேண்டும் என்பதற்கு அஃது ஒரு பாடம்.

கொழும்பில் பிறந்து, கலாக்ஷேத்திரத்தில் பயின்ற நீலா சத்தியலிங்கம் 1974இல் சிங்கப்பூருக்கு வந்தார். 1977இல் அப்சரஸ் கலைக்கூடத்தை நிறுவினார். அடையாற்று மரத்தடியில் ஊன்றிய விதை இவ்வாறு இங்கும் கிளை விட்டது. கோலாலம்பூரில் 1981ஆம் ஆண்டு தோன்றிய நுண்கலைக் கோயில், மலேசியப் பிள்ளைகள் பல்லாயிரவர்க்கு ஆடலின் வாயிலைத் திறந்தது. இவர்களிடம் பயின்றவர்கள் ஆசிரியர்களாகி, அவர்களிடம் பயின்றவர்கள் இன்று கற்பிக்கின்றனர்.

நகரங்கள் பெற்ற இப்பேறு தோட்டப்புறத்திற்கு எளிதில் எட்டவில்லை. பேருந்தேறி நகரம் சென்று பயின்று வரும் ஓரிரு பிள்ளைகளே எங்களுக்குக் கிடைக்கும் செல்வம். அந்தச் செல்வத்தை நான் பயன்படுத்திய முறைதான் பிழையாயிற்று.

விழா முடிந்த அடுத்த பருவத்தில் அந்தச் சிறுமியை மீண்டும் அழைத்தேன். இம்முறை அவளை ஆட வேண்டாம் என்றேன். பழைய நாற்காலி ஒன்றின் காலை அறுத்துக் கழியாக்கி, ஒரு பலகைத் துண்டையும் அவள் முன் வைத்து, “உட்கார்ந்து தட்டு, சொல்லைச் சொல், பிள்ளைகளின் காலை மட்டும் பார்” என்றேன். ஒரே அடவு, ஒரே காலம். பாட்டும் இல்லை, கையும் இல்லை. முதல் வாரம் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டியது. இரண்டாம் வாரம் எட்டுப் பேரின் பாதமும் ஒரே ஒலியாகத் தரையில் விழுந்தது. அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு, ஒரு பிள்ளையிடம் சென்று அவள் முழங்காலைத் தன் கையால் மெல்ல வெளிப்புறம் திருப்பி வைத்தாள். அதனை அவளுக்கு நான் சொல்லித் தரவில்லை.

அவ்வாண்டு விழாவில் அப்பிள்ளைகள் மேடையேறவில்லை. ஆடிக்காட்டும் அளவுக்கு அவர்கள் இன்னும் கற்கவில்லை என்று அவளே என்னிடம் வந்து சொன்னாள். பெற்றோர் சிலர் வருந்தினர், நான் வருந்தவில்லை. எங்கள் தோட்டத்தில் ஓர் ஆசிரியை உருவாகத் தொடங்கியிருந்தாள்.